பந்தலுக்கு ஓர் இடம்

சென்னைப் புத்தகக் காட்சி என்றதும் எந்த ஆண்டு எந்த நாவல் போட்டி போட்டுக்கொண்டு விற்றது, எந்த எழுத்தாளர் யாருக்குக் கையெழுத்துப் போட்டார் என்றுதான் பேச்சு போகும். நான் கடைக்குள் நின்றவன். ஒரு பதிப்பகத்தின் விற்பனைப் பிரிவில் எடுபிடியாகச் சேர்ந்து, கட்டு சுமந்து, பில் போட்டு, பிறகு கடையையே பொறுப்பேற்று நடத்தியவன். என் நினைவில் ஒவ்வொரு காட்சியும் ஒரு தரையாக, ஒரு கூரையாக, ஒரு பேருந்து நிறுத்தமாகத்தான் முதலில் எழுந்து வருகிறது. பள்ளிக்கூடம், பெண்கள் கல்லூரி, மறுபடி பள்ளிக்கூடம், உடற்பயிற்சிக் கல்லூரி மைதானம், தீவுத்திடல் என்று இந்தக் காட்சி இடம் மாறிய கதையை யாராவது ஒழுங்காக எழுத வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். இடம் மாறும்போதெல்லாம் வருகிற வாசகர் மாறினார், விற்கிற புத்தகமும் மாறியது. அது கடையில் நின்றவனுக்குத்தான் கண்கூடாகத் தெரியும்.

தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம், நம் எல்லோர் வாயிலும் பபாசி, 1976 ஆகஸ்டில் தொடங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பர் 14ஆம் தேதி அண்ணா சாலையில் உள்ள மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் முதல் காட்சி. மொத்தம் 22 கடைகள். அவற்றில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் ஆங்கிலப் புத்தகம் விற்றவர்களுடையவை. மருத்துவம், பொறியியல், சட்டம், கல்லூரிப் பாடநூல் என்று சரக்கு. கல்லூரி நூலகரும் பேராசிரியரும் வந்து பார்த்து, பட்டியலில் டிக் அடித்து, ஆர்டர் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்பதுதான் எதிர்பார்ப்பு என்று எங்கள் முதலாளி சொல்லக் கேட்டிருக்கிறேன். அதாவது அது ஒரு தொழில்முறைக் கண்காட்சி. அதற்குப் பள்ளிக்கூடமே போதும். மாணவர் இல்லாத விடுமுறை நாள், சுற்றுச்சுவர், தண்ணீர்க் குழாய், காவலாளி, ராத்திரி பூட்ட ஒரு கேட். 22 பேர் கூட்டு சேர்ந்து வாடகை கொடுக்க முடிகிற இடமும் அதுவே.

பிறகு அதே அண்ணா சாலையில் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி. இடையில் சில ஆண்டுகள் தவிர, 2006 வரை காட்சியின் முகவரி அதுதான். எண்பதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதன்முதலில் சரக்கு இறக்கியது அந்த வளாகத்தில். திருவல்லிக்கேணிக் குடோனிலிருந்து மீன்பாடி வண்டியில் கட்டுகள் வரும். பழுப்புத் தாளில் சுற்றிச் சணல் கயிறு போட்ட கட்டு. ஒரு கட்டுக்குள் என்ன புத்தகம், எத்தனை பிரதி என்று மேலே நீல மையில் எழுதியிருக்கும். அந்த எழுத்து வெளியே தெரிகிற மாதிரி அடுக்க வேண்டும். அடுக்கத் தெரியாமல் நான் கவிழ்த்து வைத்தால் முதலாளி சத்தம் போட மாட்டார். "தம்பி, கூட்டம் நிக்கிறப்ப நீ கட்டைப் புரட்டிக்கிட்டு இருப்பியா?" என்று மட்டும் கேட்பார். நான் "இல்லைங்கய்யா" என்று சொல்லி மறுபடி அடுக்குவேன்.

அந்த வளாகத்தின் பெரிய வசதி அண்ணா சாலைதான். மாலையில் அலுவலகம் விட்ட குமாஸ்தா எல்.ஐ.சி. பக்கமிருந்து நடந்தே வந்துவிடுவார். தோளில் ஜோல்னாப் பை, அதில் காலி டிபன் பாக்ஸ். இரண்டு புத்தகம் எடுத்துப் புரட்டி, விலை பார்த்து, ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை வாங்குவார். மறுநாள் வந்து வைத்துவிட்டுப் போனதையும் வாங்குவார். அவரைப் போன்றவர்கள் தினமும் வந்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் காட்சி இருந்தது என்பது தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. சிறுபத்திரிகைக்காரர்களின் கடைகள் நிலைத்ததும் இவர்களால்தான். 300 பிரதி அச்சடித்த கவிதைத் தொகுப்பைத் தேடி வந்து கேட்கிறவர் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறவராக இருக்க மாட்டார்.

தமிழ்ப் பதிப்பாளர் அதுவரை நம்பியிருந்தது நூலக ஆணையை. 1948ஆம் ஆண்டு மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்த பிறகு ஊர் ஊராக நூலகங்கள் பெருகின. அரசு நூலகங்களுக்கு வாங்கினால் பதிப்பாளர் பிழைத்தார், ஆணை தள்ளிப்போனால் அச்சகத்துக்குக் கடன் சொன்னார். அந்த நிலையில் வாசகன் நேரே வந்து கையில் காசு கொடுத்து வாங்குகிற பத்துப் பன்னிரண்டு நாள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லி விளக்க முடியாது. டிசம்பரில் இருந்த காட்சி பொங்கலை ஒட்டி ஜனவரிக்கு நகர்ந்தது. புது வெளியீடுகளெல்லாம் அந்தத் தேதியைக் குறிவைத்தே அச்சுக்குப் போயின. ராயப்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் பைண்டர்கள் மார்கழி முழுக்கத் தூங்க மாட்டார்கள். பசை காயாத புத்தகம் நேராகக் கடைக்கு வரும்.

கடைகள் பெருகப் பெருகக் கல்லூரி வளாகம் திணறியது. இரண்டு வரிசைக்கு நடுவே எதிரெதிரே வருகிற இருவர் தோள் உரசாமல் போக முடியாது. கார் நிறுத்த இடமே கிடையாது. அதனால் 2007ஆம் ஆண்டு, 30ஆவது காட்சியை, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பச்சையப்பன் கல்லூரிக்கு எதிரே உள்ள புனித ஜார்ஜ் ஆங்கிலோ இந்தியன் பள்ளிக்கு மாற்றினார்கள். 1715இல் கோட்டைக்குள் தர்மப் பள்ளியாகத் தொடங்கிய பழைய பள்ளி அது. அகலமான வளாகம், பெரிய மரங்கள், உள்ளேயே ஒரு சிற்றாலயம்.

மாற்றுவதற்கு முன்பு எங்களுக்குள் நடந்த வாக்குவாதம் கொஞ்சநஞ்சமல்ல. "அண்ணா சாலையை விட்டா ஆள் வராதுங்க" என்று ஒரு பக்கம். "ஆள் வந்து நிக்க இடம் வேணாமா?" என்று மறுபக்கம். எங்கள் முதலாளி முதல் கட்சி. அந்த ஆண்டு கடைக்கு வழக்கத்தில் பாதிச் சரக்குதான் அனுப்பினார். முதல் ஞாயிற்றுக்கிழமை மதியமே ரேக்குகள் காலி. குடோனுக்கு ஆள் ஓடியது. அந்த ஆண்டுத் தொடக்க விழாவுக்கு வந்த முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி, எழுத்தாளர்களுக்குப் பொற்கிழி வழங்கத் தம் சொந்தப் பணத்தில் ஒரு கோடி ரூபாயை பபாசிக்குத் தருவதாக அறிவித்தார். அந்தச் செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்ததும் புதிய இடத்துக்கு விளம்பரமாக அமைந்தது.

ஆனால் யார் வந்தார்கள் என்று கவனித்தால் மாற்றம் புரியும். அலுவலகம் விட்டு நடந்து வருகிற குமாஸ்தா குறைந்தார். குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், சில சமயம் பாட்டியும். பைக்கிலும் காரிலும் வந்தார்கள். கோயம்பேடு பேருந்து நிலையம் 2002இல் திறந்திருந்தது. வேலூர், காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கத்திலிருந்து வருகிறவர் அங்கே இறங்கி, பாரிமுனை போகிற நகரப் பேருந்தில் ஏறினால் காட்சி வாசலில் இறங்க முடிந்தது. பெரிய ரெக்சின் பையோடு வருகிற ஊர்ப்பக்கத்து ஆசிரியர்களை நான் கூட்டமாகப் பார்த்தது அங்கேதான். பள்ளி நூலகத்துக்கு, தனக்கு, தெரு நண்பருக்கு என்று மூன்று பட்டியல் வைத்திருப்பார்கள். சமையல், ஜோதிடம், குழந்தைப் புத்தகம், சுயமுன்னேற்றம் ஆகியவை அடுக்கடுக்காகப் போயின. பெரிய வரலாற்று நாவல்களின் ஐந்து பாகத்தையும் ஒரே பையில் வாங்கிச் செல்வது சாதாரணக் காட்சியானது. கவிதை வாங்குகிறவரும் வந்தார். நாளைக்கு மறுபடி வருகிறேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஒருமுறைதான் வருவார்.

2013இல் 36ஆவது காட்சி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி மைதானத்துக்குப் போனது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அப்போது மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சாலை பாதியாகச் சுருங்கியிருந்தது. புதிய இடத்தைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அது 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய கல்லூரி, உடற்கல்விக்கென்று ஆசியாவில் தோன்றிய முதல் கல்லூரி. ஓடவும் பந்தடிக்கவும் சமப்படுத்திய மண். வகுப்பறைக் கட்டடங்களும் மரங்களும் கொடுக்கிற நிழல் அந்த மைதானத்தில் இல்லை. கூரை முழுவதையும் நாமே போட வேண்டும்.

அந்தக் கூரை வேலையைக் கிட்டே நின்று பார்த்தவன் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். பந்தல்காரர்கள் முதலில் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். அந்தக் கோட்டில்தான் கடைகளின் தலைவிதி இருக்கிறது. எந்த வரிசை, மூலையா நடுவா, வாசலிலிருந்து எத்தனையாவது என்பதைக் குலுக்கலில் எடுத்த எண் முடிவு செய்யும். கம்பும் இரும்புக் குழாயும் நட்டு, மேலே தகரம், உள்ளே துணி விதானம். தரையில் பலகை பரப்பி, அதன்மேல் சிவப்பு விரிப்பு. பத்தடிக்குப் பத்தடி ஒரு கடை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். கல்லாவிலிருந்து சில்லறை விழுந்தால் காட்சி முடிந்து பலகை பிரிக்கும்வரை அது அங்கேதான். மழை பெய்தால் தண்ணீர் அந்தப் பலகைக்கு அடியில் சத்தமில்லாமல் வந்து நிற்கும். மேலே பார்த்தால் விரிப்பு காய்ந்தே இருக்கும். காலால் அழுத்தினால்தான் தெரியும். ஆகவே அடித்தட்டில் புத்தகம் வைப்பதில்லை என்று எங்கள் கடையில் ஒரு விதி உண்டு. ரேக்குக்குக் கீழே செங்கல், செங்கல்மேல் பலகை, அதன்மேல் தார்ப்பாய், அதற்கப்புறம்தான் கட்டு. 2024 ஜனவரியில் பெய்த மழையில் காட்சியை ஒரு நாள் மூட வேண்டி வந்தபோது எங்கள் கட்டு ஒன்றுகூட நனையவில்லை.

மழை ஒரு பக்கம், தூசி மறுபக்கம். மைதானத்து மண் காய்ந்த பிறகு ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்துக் கிளப்பும் தூசி மாலை ஆறு மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். மேட் லேமினேஷன் போட்ட வெள்ளை அட்டை என்றால் மூன்றே நாளில் பழைய புத்தகம் போலாகிவிடும். கடைக்கு ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் வாங்கிவந்து காலையில் ஒவ்வொரு அட்டையாகத் துடைப்போம். எங்கள் கடைப் பிள்ளைகளுக்கு இருமல் பொங்கல் கழிந்துதான் நிற்கும். பபாசிக்காரர்கள் தண்ணீர் தெளிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். தெளித்த இடம் சேறாகும்.

இத்தனைக்கும் நடுவே நந்தனம் கொடுத்தது இடம். கடைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் 2023இல் ஆயிரத்தைத் தொட்டது. 22 என்பதோடு வைத்துப் பார்த்தால் என் போன்றவர்களுக்கு மலைப்புத்தான். ஆயிரம் கடையையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க யாராலும் முடியாது. ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது ஒரே நாள். ஆகவே முதல் நான்கு வரிசையிலேயே பையும் பர்ஸும் காலியாகின்றன. கடைசி வரிசையில் மாட்டிக்கொண்ட சிறு பதிப்பாளருக்குக் களைத்துப்போன கால்களே வாடிக்கையாளர். பெரிய இடம் எல்லோருக்கும் இடம் கொடுத்தது உண்மை. கடைசி வரிசைக்காரருக்கு வாசகரைக் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. காயிதே மில்லத்தில் கடைசிக் கடை என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு நினைவில்லை.

2015 டிசம்பர் வெள்ளம். அடையாறு கரை மீறியது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றங்கரைப் பகுதிகள் எல்லாம் மூழ்கின. பதிப்பாளர் பலரின் குடோன் தரைத்தளத்தில் இருந்தது. ஜனவரிக்கென்று அச்சடித்து வைத்திருந்த புத்தகம் ஊறிப்போனது. ஊறிய தாளின் எடையைக் கைகளால் தூக்கியவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். உலர்த்தினாலும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பலகை போல் விறைத்துக்கொள்ளும். கிலோ கணக்கில் பழைய பேப்பருக்குக்கூட எடுக்கத் தயங்கினார்கள். ஜனவரிக் காட்சி தள்ளிவைக்கப்பட்டது.

39ஆவது காட்சி 2016 ஜூனில் தீவுத்திடலில் நடந்தது. சென்னைவாசிகளுக்குத் தீவுத்திடல் என்றால் சுற்றுலாப் பொருட்காட்சி. ராட்டினம், டெல்லி அப்பளம், அரசுத் துறைகளின் அரங்கு. கூவம் இரண்டாகப் பிரிந்து சூழ்ந்த திடல். பெரிய நிகழ்ச்சிக்கென்றே இருக்கும் இடம் என்பதால் மின்சாரம், வாகன நிறுத்தம் என்று எந்தக் குறையும் சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில். கத்திரி வெயில் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்திருந்தால் புத்தக அட்டைகள் தாமாக மேலே வளையும். வாசகரும் மாலை வெயில் தணிந்த பிறகே தலைகாட்டினார். அதைவிடப் பெரிய காரணம், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். பீஸ், சீருடை, நோட்டு, பை, ஷூ. குடும்பத்தின் கையில் இருந்த காசு அங்கே போய்விட்டது. வாசலில் நின்று ஒரு அம்மா தன் மகனிடம், "டேய், இப்பதாண்டா உனக்கு எட்டாயிரத்துக்கு புக்கு வாங்குனேன்" என்று சொன்னதைக் கேட்டேன். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பாடப்புத்தகமும் புத்தகம்தான். ஜனவரி என்றால் பொங்கல் போனஸ் கையில் இருக்கும். பிள்ளைகளுக்கு விடுமுறை இருக்கும். காற்றில் குளிர் இருக்கும். இடத்தை மாற்றி, கூடவே காலத்தையும் மாற்றினால் என்ன ஆகும் என்பதைத் தீவுத்திடல் எங்களுக்குக் காட்டியது.

மறு ஆண்டு காட்சி புனித ஜார்ஜ் பள்ளிக்கே திரும்பியது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்திருந்ததால் 2017 ஜனவரியில் யாரிடமும் சில்லறை இல்லை. புது 2000 ரூபாய் நோட்டை நீட்டி 120 ரூபாய்ப் புத்தகம் கேட்பார்கள். அட்டை தேய்க்கிற இயந்திரத்தைப் பல கடைகள் முதன்முறையாக வாங்கியது அந்த ஆண்டில்தான். 2018இலும் அங்கேயே நடந்தது. 2019 முதல் மறுபடி நந்தனம்.

இந்தத் திரும்புதலில் ஒரு வித்தியாசம் இருந்தது. 2018 மே மாதம் சின்னமலை முதல் டி.எம்.எஸ். வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. நந்தனம் நிலையம் கல்லூரிக்கு அருகிலேயே அமைந்துவிட்டது. 2013இல் நந்தனத்துக்கு வராத ஆட்கள் 2019க்குப் பிறகு வந்தார்கள். வடசென்னையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாக வந்து, ஆளுக்கு 100 ரூபாய் போட்டு ஒரு புத்தகம் வாங்கி, யார் முதலில் படிப்பது என்று சீட்டுக் குலுக்கியதைப் பார்த்திருக்கிறேன். மைதானம் அதேதான், தூசியும் அதேதான். ரயில் வந்ததும் காட்சியின் ஆள் மாறியது. அண்ணா சாலைக் குமாஸ்தாவின் பேரப்பிள்ளைகள் என்று நான் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

நம் ஊர்க் கதை மட்டும் இப்படி இல்லை. கொல்கத்தாக்காரர்கள் 1976இல் மைதானத்தில் தொடங்கிய காட்சி அந்த நகரத்தின் திருவிழாவாகவே ஆனது. 1997இல் அங்கே பெருந்தீ. கூரையும் தாளும் துணியும் ஒன்றுசேர்ந்த இடத்தில் தீ எப்படிப் பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் புத்தகம் எரிந்தது என்று கணக்கு. சில நாளிலேயே மறுபடி கடை போட்டு நடத்திக் காட்டினார்கள். அந்தச் செய்தி வந்த பிறகு எங்கள் முதலாளி கடைக்கு ஒரு வாளி மணலும் ஒரு வாளித் தண்ணீரும் வைக்கச் சொன்னார். இன்றுவரை வைக்கிறோம். பிறகு மைதானத்தின் பசுமை கெடுகிறது என்று வழக்கு. நீதிமன்ற உத்தரவால் 2007இல் சால்ட் லேக் விளையாட்டரங்கத்துக்குப் போனார்கள். 2008இல் பார்க் சர்க்கஸ் திடலில் நடத்த எல்லாம் ஏற்பாடாகி, தொடங்கும் நேரத்தில் அதற்கும் தடை. அடுத்த ஆண்டு முதல் கிழக்குப் புறவழிச் சாலையோரம் மிலன் மேளா வளாகம். பின்னர் 2018இல் சால்ட் லேக் சென்ட்ரல் பார்க். இப்போது அதுவே நிலையான இடமாகி, பெயரும் புத்தகக் காட்சியின் பெயராகிவிட்டது.

லண்டன் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1971இல் ஒரு ஓட்டலில், நூலகர்களுக்காக, மேசைமேல் புத்தகம் பரப்பி நடத்திய சின்னக் காட்சி அது. பங்கேற்ற பதிப்பாளர்கள் 22 பேர். நம் முதல் காட்சியின் அதே எண். வளர்ந்து ஒலிம்பியா அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2006இல் நகரத்தின் கிழக்கே, பழைய கப்பல்துறைப் பகுதியில் கட்டிய எக்ஸெல் என்ற பெரிய நவீன மையத்துக்கு மாற்றினார்கள். தூசி இல்லை, மழை இல்லை, வேண்டுமளவு இடம். ஆனால் பதிப்பாளர்கள் கொதித்துவிட்டார்கள். நகரத்து நடுவிலிருந்து அவ்வளவு தூரம் எப்படிப் போய்வருவது, மாலையில் சந்திப்புகளை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். பிராங்க்பர்ட் காட்சி நடத்துகிறவர்களே லண்டனில் போட்டிக் காட்சி நடத்தப் போவதாக அறிவிக்கும் அளவுக்கு விஷயம் முற்றியது. மறு ஆண்டே நகரத்துக்குள் ஏர்ல்ஸ் கோர்ட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த அரங்கம் மூடப்பட்ட பின் 2015 முதல் மறுபடி ஒலிம்பியா. இப்போது 2027இல் எக்ஸெலுக்கே போவதாக அறிவித்திருக்கிறார்கள். இடையில் 2022இல் எலிசபெத் ரயில் பாதை திறந்து, எக்ஸெலின் வாசலுக்கே ரயில் வந்துவிட்டது. நந்தனத்தில் நான் பார்த்ததும் இதைத்தான்.

நம் ஊரிலும் அப்படியொரு மையம் இருக்கிறதே, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடத்தினால் என்ன என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது என்னிடம் கேட்பார்கள். பளிங்குத் தரை, குளிர்சாதனம், நல்ல கழிப்பறை. தோல், இயந்திரம், ஜவுளிக் கண்காட்சிகளுக்கு அது மிகப் பொருத்தம். அங்கே வருகிறவர் விசிட்டிங் கார்டோடு வருகிறார். மூன்று நாளில் ஓர் ஆண்டுக்கான பேரம் முடிகிறது. எங்கள் கணக்கு வேறு. 200 ரூபாய்ப் புத்தகத்தில் 20 ரூபாய் வாசகருக்குத் தள்ளுபடி, வழக்கமான ராயல்டி என்றால் எழுத்தாளருக்கு இன்னொரு 20. தாள், அச்சு, பைண்டிங், லாரி வாடகை, கடைப் பிள்ளைகளின் சம்பளம், சாப்பாடு எல்லாம் மீதியில். அதிலிருந்து சதுர மீட்டர் கணக்கில் குளிர்சாதன வாடகை கொடுக்க எங்களால் முடியாது. முடியும் என்றால் அது நாலைந்து பெரிய நிறுவனங்களால்தான் முடியும். அப்போது ஆயிரம் கடை நூறு கடையாகிவிடும்.

தமிழ்நாடு அரசு 2023இல் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியைத் தொடங்கியபோது இந்தக் குழப்பத்துக்கு ஒரு வழி பிறந்தது. வெளிநாட்டுப் பதிப்பாளர்கள், மொழிபெயர்ப்பு உரிமை வாங்கல் விற்றல், மேசைக்கு இருபுறமும் இரண்டு பேர், கையில் பட்டியல். முதல் ஆண்டு நந்தனத்தில் நடந்தது. பின்னர் அதே நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலும் நடந்தது. அது சரியான இடம் என்றே நான் நினைக்கிறேன். 1977இல் மதரஸா பள்ளியில் நூலகருக்காக நடத்திய காட்சியின் உண்மையான வாரிசு இந்தப் பன்னாட்டுக் காட்சிதான். தொழில்காரர் தொழில்காரரைச் சந்திக்க மண்டபம் வேண்டும், அமைதி வேண்டும், நாற்காலி வேண்டும். வாசகருக்கு வேண்டியது வேறு. அவர் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார், மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவார், மேடையில் பேசுகிறவரைக் கொஞ்ச நேரம் கேட்பார், மறுபடி உள்ளே வருவார்.

நிரந்தர இடம் வேண்டும் என்ற கோரிக்கை தொடக்க விழா மேடையில் எழாத ஆண்டில்லை. எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் நிலம் மலிவு என்று வண்டலூருக்கு அப்பாலோ திருமழிசைக்கு அந்தப் பக்கமோ ஒரு கட்டடம் கட்டி, இதோ உங்கள் நிரந்தர இடம் என்று சாவியைக் கொடுத்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். தூசியும் தகரமுமாக நந்தனத்திலேயே இருந்துவிடலாம். நடுநகரத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் கிடைக்குமென்றால் கட்டடமே வேண்டியதில்லை. இரண்டடி உயர்த்திய சிமெண்டுத் தரை, மழைநீர் வடிய வாய்க்கால், நிலையான மின்கம்பம், மேலே உயரமான கூரை, சுவர் இல்லாமல் நாலுபக்கமும் காற்று. பெண்களுக்குப் போதுமான கழிப்பறை, தண்ணீரோடு. இதை எழுதும்போது எங்கள் கடையில் பில் போட்ட பெண்பிள்ளைகள் காலை முதல் இரவு வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தது என் நினைவில் இருக்கிறது. வாசலிலிருந்து முதல் கடைக்கு முதியவர்கள் நடக்க வேண்டிய தூரம் குறைவாக இருக்க வேண்டும். நடுநடுவே உட்கார பெஞ்சு போட வேண்டும். வரிசைகள் நீளமாக இல்லாமல் வட்டமாகவோ சதுரமாகவோ அமைந்து, எந்தப் பக்கம் நுழைந்தாலும் எல்லாக் கடையும் பாதி வழியில் வர வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தைப் பந்தல்காரர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சுண்ணாம்புப் பொடியை எடுத்து அங்கேயே ஒரு படம் போட்டார். நடுவில் மேடை, அதைச் சுற்றி நாலு முற்றம், முற்றத்துக்கு ஐம்பது கடை. "இப்படிப் போட்டா இன்னும் ரெண்டு நாள் வேலை அதிகம் சார், கம்பும் கூட வேணும்" என்றார். எவ்வளவு கம்பு என்று கேட்டு எழுதி, கையொப்பமிட்டு, பபாசி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.